ஒன்பதாம் ஆண்டின் மேடு

அத்தியாயம் பதினேழு

அன்று காலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நால்வர். மேசையின் தலைப்பக்கம் பெரிய டீச்சர். எழுபத்தொரு வயதிலும் நாற்காலியின் முதுகில் சாயாதவர். அவருக்கு வலப்புறம் அவருடைய தம்பி. ஒரு காலத்தில் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர், இப்போது பள்ளி நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவர். எதிரே தம்பியின் மனைவி. நாற்காலி நுனியில், அடுத்த நிமிடம் எழுந்துவிடுபவள் போல உட்கார்ந்திருந்தவள் அந்தத் தம்பதியின் ஒரே மகள். வட்டாரப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை கிடைத்த அன்றே அப்பா அவளுக்குப் புள்ளி என்று பெயர் வைத்துவிட்டார். இப்போது தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது.

இருபது ஆண்டுக் கணக்கைப் புள்ளியின் அலுவலகம் மறுபடி எழுதிக்கொண்டிருப்பதும், மெல்ல ஏறிப் போகவேண்டிய கோடு ஒன்பதாம் ஆண்டில் திடீரென்று மேடு தட்டி நிற்பதும் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மேட்டைத் தோண்டப் போனவள், போன வெள்ளிக்கிழமை அலுவலகக் கிடங்கிலிருந்து உடையெல்லாம் தூசியாக வீடு திரும்பினாள். அன்று முதல் அவள் அத்தையோடு பேசவில்லை. இன்றோடு நான்கு நாள்.

"பதினோரு மணிக்கு மண்டபத்துல நீதான் வாசிக்கிறியாமே?" என்றார் தம்பி. "நம்ம வட்டாரத்துச் சராசரி வருமானம்."

"சராசரி இல்லப்பா. எத்தனை தடவை சொல்றது? எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையா நிக்க வைக்கணும். குறைஞ்சவங்க இந்தப் பக்கம், நிறைஞ்சவங்க அந்தப் பக்கம். நட்ட நடுவுல எந்த வீடு நிக்குதோ, அந்த வீட்டோட வருமானம்."

"அப்போ மூலை வீட்டு டாக்டருக்கு வருமானம் ரெண்டு மடங்கானா?"

"ஒண்ணும் ஆகாது. அவர் ஏற்கெனவே அந்தக் கடைசியில நிக்கிறவர். நடு வீடு அசையாது."

"நல்லதாப் போச்சு. அந்த மனுஷன் நம்மளையும் சேர்த்துப் பணக்காரனாக்கிட்டுப் போயிடுவானோன்னு பயந்துட்டேன்."

தம்பியின் மனைவி சிரித்தார். புள்ளி சிரிக்கவில்லை.

"ஆனா நடுவுக்குக் கீழ நிக்கவேண்டியவங்க பத்துப் பதினஞ்சு பேர் ஒரே சமயத்துல மேல தாவி நின்னா, நடு நகர்ந்துடும்" என்றாள் தட்டைப் பார்த்தபடி. "ஒன்பதாம் வருஷம் அதுதான் நடந்துருக்கு."

"எப்படித் தாவினாங்க?"

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள். "'ஒரு தெருவில் பதினான்கு படிவங்களைக் கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் செல்லாமல் தாமே நிரப்பியதாகத் தெரிகிறது. அப்படிவங்கள் நீக்கப்பட்டு, ஒன்பது முதல் பதினொன்று வரையிலான ஆண்டுகளின் மதிப்பீடு திருத்தப்பட்டுள்ளது.'"

"யாரு, நம்ம குடைக்காரனா?" தம்பி மேசையைத் தட்டினார். "அப்பவே ஊரெல்லாம் பேசினாங்களே! டீக்கடையில உக்காந்து மொத்தத்தையும் எழுதித் தள்ளிட்டான்னு. இல்லியா அக்கா?"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தம்பியின் மனைவியின் கை நின்றது. அவர் கணவரைப் பார்க்கவில்லை, நாத்தனாரைப் பார்த்தார்.

"பேசினாங்க" என்றார் பெரிய டீச்சர்.

புள்ளி எழுந்தாள்.

வாசற்கதவுக்கு உட்புறம், செருப்பு மாட்டும் இடத்தில் டீச்சர் அவளைப் பிடித்தார்.

"எந்தத் தெருன்னு வாசிக்கலையே நீ."

"உங்களுக்குத் தெரியாதா அத்தை?"

அவள் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினாள். மேலே இந்த வீட்டு எண். கீழே, குடும்பத்தின் மொத்த மாத வருமானம் என்ற கட்டத்தில் 18000. அந்த எட்டு ஒரே இழுப்பில் எழுதிய எட்டு அல்ல. ஒரு சின்ன வட்டம், அதன் தலையில் இன்னொரு வட்டம். பெரிய டீச்சர் தம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் முப்பத்தாறு ஆண்டு எழுதிய எட்டு.

"பதினாலு படிவத்துலயும் பதினெட்டாயிரம். பதினாலுலயும் இதே எட்டு. நம்ம வீட்டுதுதான் முதல் படிவம்."

டீச்சர் நகலைத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரிஞ்சும் அவன்தான் எழுதினான்னு எழுதியிருக்கே."

"'நிரப்பினார்'னு எழுதல. 'நிரப்பியதாகத் தெரிகிறது'ன்னு எழுதியிருக்கேன்." புள்ளியின் கண் சிவந்திருந்தது. "வேற என்ன எழுதச் சொல்றீங்க? அந்த வருஷம் அப்பா தினமும் காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போய் பூங்காவுல உக்காந்துட்டு வந்தாரே, அதை மைக்குல வாசிக்கவா? உங்க பேரை வாசிக்கவா? நான் நம்ம வீட்டு மானத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான்."

பெரிய டீச்சர் கதவைத் திறந்துவிட்டார்.

"சரி" என்றார்.

முப்பத்தாறு ஆண்டு பிள்ளைகளை நிமிர்ந்து நின்று பேசச் சொன்னவருக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது.

ஒன்பதாம் ஆண்டில் நடந்தது இதுதான்.

அந்த ஆண்டு தம்பியின் அச்சகத்தை மூடிவிட்டார்கள். டீச்சர் ஓய்வு பெற்று எட்டு மாதமாகியும் ஓய்வூதியக் காகிதம் மேசைக்கு மேசை ஊர்ந்துகொண்டிருந்தது. தம்பியின் மனைவி கணக்கு டியூஷன் எடுத்துக் கொண்டுவந்த நாலாயிரத்து இருநூறுதான் வீட்டின் மொத்த வரவு. தெருவுக்கு இது தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவர் பெரிய டீச்சர்.

அப்போதுதான் குடைக்காரர் படிவக் கட்டோடு வந்தார். வெயிலானாலும் மழையானாலும் ஒரு கறுப்புக் குடை அவர் கையை விட்டு இறங்காது. அதனால் வந்த பெயர். அலுவலகம் அந்த முறை இந்தத் தெருவைப் பொறுக்கியிருந்தது. "எந்த வீட்டுக்குப் போனாலும் டீச்சரைக் கேட்டுச் சொல்றோம்கிறாங்க. நீங்களே கேட்டு எழுதி வச்சிடுங்களேன், நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று கட்டை இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அது அவர் பிழை. அதில் சந்தேகமில்லை.

டீச்சர் முதலில் தம் வீட்டுப் படிவத்தை எடுத்தார். நாலாயிரத்து இருநூறு என்று எழுதப் பேனா ஓடவில்லை. தம்பிக்கு வேலை இருந்து, தமக்கு ஓய்வூதியமும் வந்திருந்தால் என்ன வந்திருக்குமோ, அதை எழுதினார். பதினெட்டாயிரம்.

அடுத்து எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். "உங்க வீட்டுக்கு எவ்வளவு போட்டீங்க டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் தொகையைச் சொன்னார். "அப்போ எனக்கும் அதையே போடுங்க. உங்களைவிடக் கம்மின்னு எனக்கே தெரியும். எழுத்துலயும் அது இருக்கணுமா என்ன?" என்றார் அவர்.

அதன் பிறகு வந்தவர்கள் எவரும் தொகை சொல்லவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போட்டதையே போடுங்கள் என்றார்கள். தையல்காரரோடு சேர்த்துப் பதின்மூன்று வீடு. பத்தாயிரத்துக்கு மேல் வருமானம் உள்ள வீடு அவற்றில் மூன்றோ நான்கோ. 'அப்படிப் போடக் கூடாது' என்று சொல்லவேண்டுமானால், முதல் படிவத்தை முதலில் கிழிக்கவேண்டும். டீச்சர் கிழிக்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் இதில் ஒரு காசு லாபமில்லை. வட்டாரத்து நடு வீட்டின் வருமானம் பதினேழாயிரத்து ஐந்நூறுக்குக் கீழே இருந்தால், அங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அந்த ஆண்டு நடு வீடு எங்கே போய் நின்றது தெரியுமா? இந்தத் தெருவில், சரியாகப் பதினெட்டாயிரத்தில். ஒரு ஆண்டின் வீடுகள் போதாதென்று மூன்று ஆண்டு வீடுகளைச் சேர்த்துப் பார்ப்பது அலுவலக வழக்கம். ஆகவே மேடு மூன்று ஆண்டுக்கும் தலையை நீட்டியது. பதினான்கு படிவமும் ஒன்றுபோல் இருப்பதைக் கண்ட அலுவலகம் குடைக்காரரை வேலையை விட்டு நீக்கியதே தவிர, வெளியிட்ட கணக்கைத் திருத்தவில்லை. மூன்று ஆண்டும் தள்ளுபடி இல்லை. தையல்காரர் தம் மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தையல் இயந்திரத்தில் உட்காரவைத்தது அந்த மூன்று ஆண்டுக்குள்தான்.

பத்து மணிக்கு டீச்சர் உடை மாற்றிக்கொண்டு கிளம்பினார். தம்பியும் மனைவியும் பின்னால் வருவதாகச் சொன்னார்கள்.

தையல்காரர் கடை வாசலிலேயே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார்.

"மண்டபத்துக்கா டீச்சர்? நானும் கடையைச் சாத்திட்டு வர்றேன். உங்க வீட்டுப் பொண்ணு மைக்குல பேசறதுன்னா சும்மாவா?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "குடைக்காரன் தலையிலதான் வருதாமே. டீக்கடையில உக்காந்து எழுதினான்னு."

"அவன் எழுதலேன்னு உனக்குத் தெரியாதா? என் மேசை முன்னால வந்து நின்னவன்தானே நீ."

தையல்காரர் நாடாவின் நுனியைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"பதினோரு வருஷமாச்சு டீச்சர். நமக்கு எதுக்கு? வாயைத் திறந்தா பதினாலு வீடும் சேர்ந்து மாட்டும். என் பொண்ணு கேப்பா, 'அப்பா, நீ எவ்வளவுன்னு போடச் சொன்னே?'ன்னு. அவளுக்கு நான் என்ன சொல்ல?" உடனே சிரித்துச் சமாளித்தார். "அவனுக்கென்ன, தனிக்கட்டை. சாவி வெட்டிப் பிழைச்சுக்குவான்."

கடைக்குள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் ஓட்டுகிறார்கள் என்று டீச்சர் எட்டிப் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. பேருந்து நிறுத்தம் வழியாகப் போனால் குடைக்காரரின் சாவிக் கடையைத் தாண்டவேண்டும். பதினோரு ஆண்டாக டீச்சர் மற்ற வழியில்தான் போய்வந்தார். அன்று கால்கள் இந்த வழியில் திரும்பின.

அது கடைகூட இல்லை. ஒரு பெட்டி, ஒரு அரம், கம்பியில் கோத்த சாவிகள். குடையை ஒரு தூணில் கட்டி நிழலாக்கியிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க டீச்சர். பூட்டு ஏதாவது மக்கர் பண்ணுதா?"

"பூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு." அவர் உட்காரவில்லை, உட்கார இடமும் இல்லை. "கணக்கெடுப்புக்குத் திரும்ப ஆள் எடுக்கறாங்களாமே. நீ மனு போட்டியா?"

"போட்டிருக்கேன். பார்ப்போம். இந்தத் தடவை ஒவ்வொரு வீட்டுலயும் நானே உக்காந்து எழுதுவேன், எவ்வளவு நேரமானாலும்."

அதில் குத்தல் இருக்கிறதா என்று டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை. அது இல்லாததே பெரிய தொல்லையாக இருந்தது.

அந்த ஆண்டு வேலை போன மறுவாரம் இவர் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றதும், 'ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், போதும்' என்றதும் நினைவுக்கு வந்தன. 'உன் வேலையை நீ ஒழுங்காச் செய்யாம என் வாசல்ல வந்து ஏன் நிக்கறே?' என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர் தாம்தான். கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் பதினோரு ஆண்டை ஓட்டியிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அலுவலகத்துல உன்னை விசாரிச்சப்போ, என் பேரை ஏன் சொல்லல?"

குடைக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"சொன்னேனே டீச்சர். கட்டை உங்ககிட்ட விட்டது என் தப்பு, எழுதினது பெரிய டீச்சர்னு அப்பவே சொன்னேன்." அவர் கைகளைத் துணியில் துடைத்தார். "யாரும் நம்பல. 'அந்த அம்மா பொய் எழுதினாங்கன்னு சொல்றியா? அவங்க பேரைச் சொல்ல உனக்கு நாக்கு கூசலையா?'ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்?"

ஒரு பேருந்து வந்தது, போனது.

தம் பெயரைப் பாதுகாக்க அன்று சாத்திய கதவு போதாதோ என்று பல இரவு நினைத்ததுண்டு. போதாமல் இல்லை. ஆனால் அந்தப் பெயரையே எடுத்து ஒரு மனிதனை அடித்திருக்கிறார்கள் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

"மண்டபத்துக்கு வா" என்றார்.

"நான் எதுக்கு டீச்சர்? கடை இருக்கு."

"வான்னு சொல்றேன்."

மண்டபத்தில் அறுபது பேர் இருக்கலாம். மேடையில் புள்ளியும் அவளுடைய மேலதிகாரி அம்மாவும். பின்சுவரில் இரண்டு கோடுகள். பழைய கோடு, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மேடு தட்டியது. புதிய கோடு, மெல்ல ஏறி, அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கி, பின் ஏறுவது. அச்சகம் மூடியது, ஆலையில் ஆள் குறைத்தது எல்லாம் அந்த இறக்கத்தில் இருந்தன. அந்த ஆண்டு யாரும் சொல்லாததைக் கோடு இப்போது சொல்லிக்கொண்டிருந்தது.

புள்ளி நன்றாகவே விளக்கினாள். விலைவாசி ஏறியதை எப்படிக் கழித்தார்கள், சில நூறு வீடுகளைக் கேட்டு மொத்த வட்டாரத்தைச் சொல்வதில் எவ்வளவு முன்பின் இருக்கும் என்றெல்லாம் சொன்னாள். அந்தக் குறிப்புக்கு வந்தபோது குரல் வேகமெடுத்தது.

"...கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் செல்லாமல் தாமே நிரப்பியதாக..."

மூன்றாம் வரிசையில் பெரிய டீச்சர் எழுந்தார்.

"அந்த வரியை எடுத்துடு."

"அத்தை, உக்காருங்க."

"இங்க நான் உனக்கு அத்தை இல்ல. ஒரு படிவத்துக்குச் சொந்தக்காரி." அவர் மேலதிகாரியின் பக்கம் திரும்பினார். "அம்மா, அந்தப் பதினாலு படிவத்தையும் நான் எழுதினேன். என் வீட்டு மேசையில உக்காந்து எழுதினேன். அந்த வருஷம் என் தம்பிக்கு வேலை இல்ல. எனக்கு ஓய்வூதியம் வரல. வீட்டு வருமானம் நாலாயிரத்து இருநூறு. அதை எழுத எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கல. பதினெட்டாயிரம்னு எழுதினேன். அதைப் பார்த்து மத்தவங்களும் அதையே கேட்டாங்க, போட்டேன். அதனால மூணு வருஷம் இந்த வட்டாரத்துப் பிள்ளைங்களுக்குத் தள்ளுபடி கிடைக்கல."

பின்வரிசையில் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. தம்பி எழுந்து நின்றார். மனைவி அவர் கையைப் பிடித்தார். அவர் கையை விடுவித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மண்டபத்தை விட்டு வெளியே போனார்.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதற்கு மேல் நின்றிருக்க முடியாது.

மேலதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புள்ளியிடம் மெல்லக் கேட்டார். மைக் அதையும் விடவில்லை.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

புள்ளி தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

அதற்குள் மண்டபம் தன் பங்குக்குப் பேசத் தொடங்கியிருந்தது. முதலில் முணுமுணுப்பு. பிறகு தையல்காரர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கண் கலங்கியே சொன்னார்:

"என்ன மனசு பாருங்க! வேலை போன ஒரு ஏழைக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறாங்க. எழுதினது அவன்தான், டீக்கடையில. ஊருக்கே தெரியும். ஆனா நம்ம டீச்சருக்குப் பெரிய மனசு."

"அதானே" என்றது ஒரு குரல். "அவங்களாவது பொய் எழுதறதாவது" என்றது இன்னொன்று. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். கதவோரம் நின்ற குடைக்காரர் வெளியே போகத் திரும்பினார்.

"நில்லுங்க" என்றார் பெரிய டீச்சர். அது அவரைப் பார்த்துச் சொன்னதா, கைதட்டியவர்களைப் பார்த்துச் சொன்னதா என்று தெரியவில்லை. எல்லோரும் நின்றார்கள்.

"பெரிய மனசு ஒண்ணும் இல்ல. நான் யாருடைய பழியையும் வாங்கிக்கல. அவர் டீக்கடையில உக்காரல, அந்தப் பதினாலு படிவத்துல ஒரு எழுத்துகூட எழுதல. எழுதினது நான். படிவத்துல இருக்கற எட்டை எடுத்துப் பாருங்க, அது என் கையெழுத்து."